‘நாங்க’ இல்லம்மா, ‘நாம’!

போன இதழில், “உங்கள் வீட்டு வாண்டுகள் உங்களைச் சிரிக்க வைத்த கதையை எழுதி அனுப்புங்கள்” என்று ஒரு வரி போட்டிருந்தோம். மூட்டையாக வந்து விழுந்தன. பிரித்துப் படித்தால், பாதிக் கடிதங்களின் கடைசிப் பத்தியில் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்வி: “டீச்சரம்மா, இதுகளை விட்டுட்டு நாங்க ரெண்டு பேர் மட்டும் ரெண்டு நாள் எங்கேயாவது போயிட்டு வரலாமா?” கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் “பெயர், ஊர் போட்டுவிடாதீர்கள்” என்று அடிக்கோடு இழுத்திருக்கிறார்கள். ஒருவருடைய மாமியார் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பாராம். எதற்கு வம்பு, யாருடைய பெயரையும் போடவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 31 வருடம் மழலையர் வகுப்பில் குப்பை கொட்டியவள். பெற்றது இரண்டு, பேரப்பிள்ளைகள் மூன்று.

கேள்வி: மகளுக்கு நாலு வயது. “அடுத்த மாசம் ரெண்டு நாள் நாங்க வெளியூர் போறோம்டா கண்ணு” என்று பக்குவமாக ஆரம்பித்தேன். பொம்மைக்குத் தலைசீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “‘நாங்க’ இல்லம்மா, ‘நாம’ போறோம்னு சொல்லணும்” என்று திருத்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். கேட்பவரையும் சேர்த்தால் நாம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அங்கே அப்பா அம்மா பூசி மெழுகித் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் வாயைத் திறந்ததுமே மாட்டிக்கொண்டோம். பிள்ளை வெளியே நிற்கிறது என்பதை நம் இலக்கணமே அதனிடம் போட்டுக் கொடுத்துவிடும்.

அதனால் மழுப்பாதீர்கள். “இல்லடா, இந்தத் தடவை ‘நாங்க’தான். நீ சரியாத்தான் கண்டுபிடிச்சே” என்று சொல்லிவிடுங்கள். அதோடு, அவளுக்கும் ஒரு ‘நாங்க’ கொடுங்கள். இது முக்கியம். நீங்கள் இல்லாத இரண்டு நாளில் அவளும் பாட்டியுமோ, அவளும் சித்தியுமோ சேர்ந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாத ரகசியமாக இருக்கட்டும். பழைய பெட்டியைக் குடைவதோ, கொடியில் போர்வையைப் போட்டுக் கூடாரம் கட்டுவதோ, ஏதோ ஒன்று. “நாங்க என்ன பண்ணுவோம்னு உனக்குச் சொல்ல மாட்டோமே” என்று அவள் உங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டினால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆனால் ஒரு மாதம் முன்பே ஏன் சொன்னீர்கள்? நாலு வயதுக்கு அடுத்த மாதம் என்பதும் அடுத்த பிறவி என்பதும் ஒன்றுதான். இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும். மூன்று வயதுக்குக் குறைவென்றால் முந்தின நாள். நாளை விளக்குவதற்குத் தூக்கக் கணக்குதான் சரிப்படும்: “ரெண்டு தடவை ராத்திரி தூங்கி எந்திரிச்சா அம்மா வந்துடுவேன்.” என் பேத்திக்கு இதைக் காகித வளையமாகச் செய்து மாட்டினோம். மூன்று வளையம், தினம் காலையில் எழுந்ததும் ஒன்றைக் கிழிக்க வேண்டும், கடைசி வளையம் கிழிந்தால் அம்மா வருவாள். அருமையான ஏற்பாடு. முதல் நாள் காலை ஆறரை மணிக்கு மூன்றையும் ஒரே இழுப்பில் கிழித்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். “வளையம் முடிஞ்சுபோச்சு. அம்மாவை வரச்சொல்லு பாட்டி.” தினம் ஒன்றைப் பெரியவர்கள் எடுத்துக் கொடுங்கள், மொத்தமாக மாட்டாதீர்கள். அனுபவம்.

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. அவன் தூங்கும்போது சத்தமில்லாமல் கிளம்பிவிட்டால் அழ மாட்டான் என்கிறார்கள் வீட்டில். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் தாயி. செய்து பார்த்துப் பட்டவள் சொல்கிறேன்.

என் மூத்தவனுக்கும் அப்போது இதே வயதுதான். எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை விஷயமாக ஒரு பயணம். இரண்டு நாள் நானும் ஒட்டிக்கொண்டேன். இரவு பையன் தூங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாள் சத்தம் கேட்காமலிருக்க அதில் துணியைச் சுற்றித் திறந்து, சொந்த வீட்டிலிருந்தே திருடி மாதிரி வெளியேறினேன். ஊர் திரும்பியதும் என் அம்மா பெருமையாகச் சொன்னாள்: “அழவே இல்லைடி. காலையில எந்திரிச்சு ஒவ்வொரு ரூமாப் போய்ப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில பார்த்தான். பீரோவைத் திறக்கச் சொன்னான். அப்புறம் வாஷிங் மெஷின் மூடியைத் தூக்கிக் காட்டச் சொன்னான் பாரு!” அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அப்போது சிரித்தேன்தான்.

பிறகு ஆரம்பித்தது. இரண்டு மாதம் அவன் தூங்கவே பயப்பட்டான். தூங்கினால் அம்மா காணாமல் போவாள் என்றுதானே நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம்? என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவான். நான் குளியலறைக்குப் போனால், வெளியே தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் நாலு விரலை உள்ளே நீட்டிவிடுவான். “அம்மா, இருக்கியா?” “இருக்கேண்டா.” அரை நிமிடம். “இருக்கியா?” வாயால் சொன்னால் நம்ப மாட்டான், என் கால் விரலால் அவன் விரலைத் தொட வேண்டும். ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு தலைக்குச் சோப்புப் போட்ட வித்தையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் கற்றதுதான்.

அடுத்த முறை, அவனுக்கு மூன்றரை வயதில், பகலில், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். நானும் வண்டியில் உட்கார்ந்து அழுதேன். பாதி வழியில் போன் போட்டால், “அவன் எப்பவோ நிறுத்திட்டான், தண்ணி பைப்பைத் திறந்துவிட்டு விளையாடிட்டு இருக்கான், நீ ஏன் மூக்கை உறிஞ்சறே?” என்றாள் அம்மா. அழட்டும். நாம் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவனிடம் வேறு என்ன இருக்கிறது?

கிளம்பும்போது இழுத்தடிக்காதீர்கள். ஒரு முறை கட்டிக்கொண்டு, “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். திரும்பி வந்து ஒரு முத்தம், செருப்பை மறந்து ஒரு முத்தம் என்று மூன்று தடவை போனால் மூன்று தடவையும் புதிதாக அழ வேண்டும் பாவம். உங்களுடைய பழைய, துவைக்காத உடை ஒன்றைத் தலைமாட்டில் போட்டுவிட்டுப் போங்கள். குழந்தைகள் ஏன் ஒரு கந்தல் துணியையோ ஒற்றைக்கண் கரடியையோ விடாமல் இழுத்துக்கொண்டு திரிகின்றன என்பதை டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1950-களிலேயே எழுதிவிட்டார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாண்ட அது ஒரு பாலம். அதைத் துவைத்துத் தொலைக்காதீர்கள் என்பது என் பங்கு. நான் ஒரு கரடியைத் துவைத்து அனுபவித்தவள். அது தனிக் கதை.

கேள்வி: பத்து மாதக் குழந்தை. தாய்ப்பால்தான் பிரதானம். ஒரே ஒரு இரவு போகலாமா?

பதில்: போகக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் தேதி பார்த்துத்தான் வைத்திருக்கிறீர்கள்! எட்டு மாதம் வாக்கில்தான் குழந்தைக்கு, கண்ணில் படாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்று உறைக்கிறது. அதற்கு முன்பு நீங்கள் கதவுக்கு அப்பால் போனால் அதோடு சரி. இப்போது, ‘எங்கோ இருக்கிறாள், ஆனால் என்னிடம் இல்லை’ என்று தெரியும். எப்போது வருவாள் என்று மட்டும் தெரியாது. அதனால்தான் பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இந்தப் பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும்; பிறகு மெல்லத் தணியும். தினமும் பழகிய ஆளிடம், குழந்தையின் சொந்த வீட்டிலேயே விடுவதென்றால் ஓர் இரவு பரவாயில்லை. இன்னும் ஆறேழு மாதம் தள்ளிப்போட முடிந்தால் உங்களுக்கும் நிம்மதி.

போவதென்று முடிவானால் பால் விஷயம். பிழிந்த பால் அறைச்சூட்டில், அதுவும் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில், 4 மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜில் 4 நாள். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறி இறங்கும். போன இடத்தில் நீங்களும் வழக்கமான நேரத்துக்குப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு உயிர் போகும். மாற்று உடையும் கையில் இருக்கட்டும். எங்கோ யாருடைய குழந்தையோ அழுதால்கூடச் சிலருக்குச் சுரந்துவிடும். எனக்குத் தங்கும் விடுதியின் வரவேற்பறையில் நடந்தது. அங்கே அழுதது குழந்தைகூட இல்லை, ஒரு பூனை.

கேள்வி: (ஓர் அப்பா எழுதுகிறார்) கல்யாணமாகி ஏழு வருடம், இரண்டு பையன்கள். முதன்முதலாக இருவர் மட்டும் மலைப்பக்கம் இரண்டு நாள் போனோம். முதல் நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். இரண்டாம் நாள் மதியம் மூன்று மணி வரை தூங்கினோம். திரும்பி வரும்போது, “இதுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்” என்கிறாள் மனைவி. காசும் நேரமும் வீண்தானா?

பதில்: வீட்டிலேயே இருந்திருந்தால் மூன்று மணி வரை தூங்கியிருப்பீர்களா தம்பி? என்ன கேள்வி இது!

எல்லோரும் இப்படித்தான். எங்கள் கதையைக் கேளுங்கள். மேலே சொன்னேனே, அந்த இரண்டாவது பயணம். ஒரு நல்ல உணவகம், ஜன்னலோர மேஜை. நான் பேசிக்கொண்டே என் வீட்டுக்காரரின் தட்டை இழுத்து, இருந்ததையெல்லாம் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, ஊதி ஆறவைத்து, அவர் பக்கம் தள்ளியிருக்கிறேன். அவரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டார். பிறகு சாலையைக் கடக்கும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ரைட்ல பாரு, லெஃப்ட்ல பாரு, இப்ப ஓடு” என்றார். நடுரோட்டில் நின்று சிரித்ததில் ஒரு லாரிக்காரர் திட்டிவிட்டுப் போனார். மறுநாள் யாரும் எழுப்பாமலே ஐந்தே முக்காலுக்கு இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. யாராவது வயிற்றின்மேல் ஏறி உட்காருவார்களா என்று காத்துக் கிடந்தோம்.

இன்னொன்று. இ. இ. லெமாஸ்டர்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1957-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 46 தம்பதிகளிடம் முதல் குழந்தை வந்ததைப் பற்றிக் கேட்டார். 38 தம்பதிகள் அதைப் பெரிய நெருக்கடி என்றே சொன்னார்கள். ஆசைப்பட்டுப் பெற்றவர்கள்தான் அவர்களும். வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் வாக்கியத்தையே குழந்தை முடிக்க விடுவதில்லை, அப்புறம் நெருக்கடி வராமல் என்ன செய்யும்? “கரண்ட் பில்லு...” என்று ஆரம்பித்தால் “அம்மா இங்க பாரு” என்று முடியும். ஏழு வருடமாகப் பாதியில் நிற்கிற வாக்கியங்களை இரண்டு நாளில் முடித்துவிட முடியாது. முதல் நாள் பிள்ளை புராணம் பேசித்தான் தீரும், விட்டுவிடுங்கள். முழு வாக்கியமாகப் பேசினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள். அடுத்த முறை மூன்று நாளாகப் போங்கள். பேச ஒன்று, தூங்க ஒன்று. மூன்றாவது நாளில் என்ன செய்வதென்று நான் சொல்லத் தேவையில்லை.

சின்னச் சின்னதாய்ச் சில:

‘கீழே விழுந்தேன், அப்புறம் அழுந்தேன்’ என்கிறாள் மகள். ‘அழுதேன்’ என்று திருத்தினாலும் கேட்பதில்லை. — அவளிடம் தப்பே இல்லையே! ‘விழு’ என்றால் ‘விழுந்தேன்’ வருகிறது, ‘அழு’ என்றால் ‘அழுந்தேன்’ வரக் கூடாதா? ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர் 1958-இல் ‘வக்’ என்று இல்லாத பிராணி ஒன்றை வரைந்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று ஆங்கிலம் பேசும் குழந்தைகளைக் கேட்டார். அதுவரை காதிலேயே விழாத அந்தச் சொல்லுக்கு அவர்கள் சரியாகப் பன்மை விகுதி சேர்த்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கவில்லை. விதியைப் பிடித்துக்கொண்டு தாங்களே சொல் செய்கிறார்கள். திருத்தாதீர்கள். “ஓ, அழுதியா?” என்று நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள், போதும்.

போனில் அப்பா “சாப்பிட்டியா?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான். அப்பா மறுபடி கேட்டால் இன்னும் பலமாக ஆட்டுகிறான். — என் வகுப்பில் ஒருத்தி போனில் தாத்தாவுக்கு விரலில் பட்ட காயத்தைக் காட்டினாள். தாத்தாவும் “அடடா, ரொம்ப ஆழமா இருக்கே” என்றார். அப்படி ஒரு தாத்தா அமைய வேண்டும்.

வெளியூரிலிருந்து வீடியோவில் அழைக்கலாமா? — ஒரு நாளைக்கு ஒரு முறை, பகலில், அவன் விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்போது. தூங்கப் போகும் நேரத்தில் உங்கள் முகத்தைக் காட்டி, ஆறிக்கொண்டிருப்பதைக் கிளறாதீர்கள். எப்படியும் முழு நேரமும் மின்விசிறியைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டுமா? பிள்ளைக்கே ஞாபகம் இருக்காதா? — இருக்காது. பெரியவர்களைக் கேட்டால் முதல் ஞாபகம் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதைச் சுற்றித்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின காமெடிக்கெல்லாம் நீங்கள் இரண்டு பேர்தான் சாட்சி. அன்றன்றைக்கே, அவன் சொன்ன சொல் மாறாமல் எழுதுங்கள். ஒரு வாரம் போனால் நீங்களே மெருகேற்றிவிடுவீர்கள்.

கேள்வி: மாமியாரிடம் பிள்ளைகளை விட்டுப் போகலாம் என்று கேட்டோம். “எங்க காலத்துல நாங்க இப்படியா போனோம்?” என்கிறார். ஆனால் மறுக்கவும் இல்லை. என்ன அர்த்தம்?

பதில்: அர்த்தம், சரி என்பதுதான். நானும் இப்போது அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். எங்கள் பாஷையை நான் பெயர்த்துச் சொல்கிறேன். ‘நாங்க போகலையே’ என்பதில் குற்றச்சாட்டு கால்வாசி, ஏக்கம் முக்கால்வாசி. திரும்பி வந்ததும் அடுத்த மாதம் மாமனாரையும் மாமியாரையும் இரண்டு நாள் எங்கேயாவது அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். அதை இப்போதே சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. எங்கள் முழங்காலுக்கு வயதாகிவிட்டது, உங்கள் பிள்ளைகளுக்கு ஆகவில்லை. கிளம்பும் முன் அந்த வீட்டை ஒரு தடவை தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்தில் பாருங்கள். தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலையணை பக்கத்தில் இருக்கும். அவருக்கு எட்டுவது பேரனுக்கும் எட்டும். எல்லாவற்றையும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். காது மெஷினிலும் சின்ன ரிமோட்டிலும் போடுகிற பொத்தான் மாதிரி பேட்டரி இருக்கிறதே, அதில் மாத்திரையைவிட ஜாக்கிரதை வேண்டும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: பிள்ளையின் எடை எத்தனை கிலோ, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, டாக்டர் நம்பர், காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி. ‘ஒரு மூடி’ என்று எழுதாதீர்கள். ஒரே காய்ச்சல் மருந்து, 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும். எந்தப் புட்டியோ அதையே எடுத்துக் கையில் கொடுங்கள்.

மற்றதை எங்களிடம் விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும், எவ்வளவு நேரம் டிவி என்று நீங்கள் எழுதி வைக்கிற இரண்டு பக்கத்தை நாங்கள் படிக்கப் போவதில்லை. என் பெரிய பேரன் ஐந்து வயதில், அவன் அம்மா வண்டி தெருமுனை திரும்பியதும், முகத்தைத் துளிகூட மாற்றாமல் என்னிடம் சொன்னான்: “பாட்டி, நீங்க இருக்கும்போது மட்டும் பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருக்கலாம்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க.” கோபம் வரவில்லை, டீச்சர் மூளை முழித்துக்கொண்டது. மூன்று வயதுப் பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு. ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இருவர் 1983-இல் இதை ஒரு கதை சொல்லிச் சோதித்தார்கள். பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். பையன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுக்காரர்கள் புது இடத்தைக் காட்டினார்கள். வயது ஏற ஏறத்தான் ‘அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்தில்தான் தேடுவான்’ என்று புரிகிறது. அம்மா சொல்லாதது பாட்டிக்குத் தெரியாது என்று என் பேரனுக்குப் புரிந்துவிட்டது. ஆக, மூளை நன்றாக வளர்கிறது. ஒன்பதரை வரை விட்டேன்.

கேள்வி: மூன்று நாள் கழித்து ஓடோடி வந்து கையை நீட்டினால், ஒன்றரை வயது மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியின் தோளில் சாய்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து என் மடியில் ஏறி ஒரு மணி நேரம் அழுதான். இரவு முழுக்கத் தூங்கவில்லை. என் மேல் வெறுப்பு வந்துவிட்டதா?

பதில்: இல்லவே இல்லை. கோபம். உங்களிடம் கோபித்துக்கொள்ளலாம், நீங்கள் ஓடிவிட மாட்டீர்கள் என்ற தைரியத்தில் வருகிற கோபம்.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், ஒரு வயதைத் தொட்ட குழந்தைகளையும் அம்மாக்களையும் ஓர் அறையில் வைத்துப் பார்த்தார். அம்மா சில நிமிடம் வெளியே போவாள், திரும்பி வருவாள். மொத்தமே இருபது நிமிடச் சமாசாரம். போகும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, வந்தபோது என்ன செய்தது என்பதைத்தான் அவர் உன்னிப்பாகக் கவனித்தார். அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டு அழுது, அழுகை ஆறி, மறுபடி விளையாடப் போனால் உறவு கெட்டியாக இருக்கிறது என்று பொருள். உங்கள் மகன் மடியில் ஏறித்தானே அழுதான்? அவன் யாரிடம் அழ வேண்டுமென்று மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தானோ அவரிடம் கொட்டிவிட்டான்.

உங்கள் தோழி ஒருத்தி, பிரிவு குழந்தையை நொறுக்கிவிடும் என்று எங்கோ படித்துச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேறு காலத்து, வேறு விதமான பிரிவு. 1950-களில் பிரிட்டனில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெற்றோர் நினைத்த நேரத்துக்குப் போய்ப் பார்க்க முடியாது. அந்தக் குழந்தைகள் முதலில் கத்தி, பிறகு சோர்ந்து, கடைசியில் யார் வந்தாலும் சட்டை செய்யாமல் ஆகிவிடுவதை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் கூடவே இருந்து படம் பிடித்துக் காட்டினார். 1959-இல் அங்கே ஓர் அரசுக் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நோயும் ஊசியும் தெரியாத முகங்களுமாக இருந்த அந்த நாட்களை, பாட்டி தோளில் சாய்ந்திருந்த மூன்று நாளோடு சேர்க்கக் கூடாது.

இரண்டு மூன்று இரவு பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வாங்கி வந்த பொம்மையை உடனே நீட்டாதீர்கள். அவன் முதலில் உங்களை வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வாரத்துக்கு மேலும் சாப்பிடாமல், விளையாடாமல் சுருண்டே கிடந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே உங்கள் கண்ணாடியை உடைத்துவிடுவான்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடி எல்லாம் செய்தோம் டீச்சரம்மா. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனோம், தூக்கக் கணக்குச் சொன்னோம், சொன்ன நேரத்துக்கு வந்தோம். வாசலில் காலை வைத்ததும் ஐந்து வயது மகன் கேட்ட முதல் கேள்வி: “ஏன் அதுக்குள்ள வந்தீங்க? நாங்க இன்னும் கூடாரம் கட்டி முடிக்கலை.” என் கணவர் சிரிக்கிறார். எனக்கு இரண்டு நாளாக மனசே சரியில்லை.

பதில்: “‘நாங்க’ இல்லடா, ‘நாம’ கட்டி முடிப்போம்”னு சொல்லிட்டு, உள்ளே போய்ப் போர்வையின் ஒரு முனையைப் பிடியுங்கள். அவன் விட்டால்.